அந்தக் காசைத் தேய்க்காதீர்கள்!

பெருவழுதி காசு ஒரு சின்னச் செம்புத் துண்டு. சதுரம். ஒரு பக்கம் குதிரை. அதற்கு மேலே தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி' என்று கடுகளவு எழுத்துகள். மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். 1980களின் நடுவில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இதை வெளியிடும்வரை, சங்க காலத்து வேந்தர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு அடித்தார்களா என்பதே சந்தேகமாகத்தான் இருந்தது. சங்கப் பாட்டில் வரும் பாண்டியன் வழுதி, மண்ணுக்குள்ளிருந்து செம்பில் எழுந்து வந்தான். பிறகு கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து சேரன் மாக்கோதை வந்தான், குட்டுவன் கோதை வந்தான், கொல்லிப்புறை வந்தான்.

இந்தப் பெயர்கள் எல்லாம் காசின் மேல்தோலில் இருப்பவை. கண்டெடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளியும் உப்பும் போட்டு ஒரு தேய் தேய்த்திருந்தால், பளபளவென்று ஒரு செம்புத் துண்டு கிடைத்திருக்கும். வழுதி கிடைத்திருக்க மாட்டான்.

நம் வீடுகளில் பழங்காசு இல்லாத வீடு குறைவு. பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த ஓட்டைக் காலணா, பூஜை அறையில் மஞ்சள் துணியில் முடிந்த விக்டோரியா ரூபாய், வயலில் ஏர் ஓட்டும்போது கிடைத்த ராஜராஜன் காசு, ஆற்றில் மணல் அரிப்பவரிடம் வாங்கிய ரோமானியச் செப்புக்காசு. கையில் எடுத்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: 'எதைப் போட்டால் சுத்தமாகும்?' யூடியூபில் கேட்டால் எலுமிச்சை, வினிகர், கோலா, டூத்பேஸ்ட், தக்காளி சாஸ், மொபைல் சார்ஜர் என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். எல்லாமே பளபளக்க வைக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் பளபளப்பதும் சுத்தமாவதும் ஒன்றல்ல.

பச்சைக்குள் இருப்பது என்ன?

செம்பு இயற்கையில் பெரும்பாலும் கல்லாகக் கிடக்கிறது. அதை உருக்கி உலோகமாக்குகிறோம். மண்ணில் ஈரமும் உப்பும் காற்றும் பட்டதும் அது மறுபடி கல்லாகத் திரும்பப் பார்க்கிறது. களிம்பு என்பது இந்தத் திரும்பல்தான். ஆன்மாவோடு ஆணவ மலம் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல, சைவ சித்தாந்தம் செம்பையும் அதன் களிம்பையும்தான் உவமையாக எடுத்துக்கொண்டது. வேதியியல்காரர்களிடம் கேட்டால் அவர்களும் இதற்குப் பெரிதாக மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த செப்புக்காசை நடுவில் வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். உள்ளே மிஞ்சியிருக்கும் செம்பு. அதைச் சுற்றி செங்கல் நிறத்தில் ஓர் அடுக்கு. இது குப்ரைட், செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதற்கு வெளியே பச்சை அடுக்கு. இது மாலகைட், செம்பின் கார்பனேட். எல்லாவற்றுக்கும் மேலே மண்ணும் மணலும் ஒட்டிய பொருக்கு.

காசு அடித்த அன்று அதற்கு இருந்த மேற்பரப்பு இன்றைக்கு எங்கே இருக்கிறது? பலரும் உள்ளே இருக்கும் செம்பின் மேல் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான காசுகளில் அது செங்கல் நிற அடுக்கின் எல்லையில், பச்சையும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அதாவது எழுத்தும் உருவமும் இப்போது உலோகத்தில் இல்லை. களிம்பே அவற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அமிலம் ஊற்றினால் பச்சையும் போகும், சிவப்பும் போகும். உள்ளே ஏற்கெனவே அரிக்கப்பட்டு மேடும் பள்ளமுமாக நிற்கும் செம்புதான் மிஞ்சும். 'சுத்தம் பண்ணினேன், உள்ளே ஒன்றுமே இல்லை' என்று காசுக்காரர்களிடம் வந்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு. உள்ளே ஒன்றும் இல்லைதான். வெளியே இருந்தது.

இதனால்தான் கரூரிலும் மதுரையிலும் கிடைக்கிற நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகள் பரிதாபத்துக்குரியவை. ஒரு கிராம், ஒன்றரை கிராம் எடை. நம்மூர்க் கைகளில் ஏற்கெனவே தேய்ந்தவை. அதில் பேரரசனின் முகம் ஒரு மெல்லிய தோலாக மட்டும் நிற்கும். ஒரு ராத்திரி எலுமிச்சைச் சாற்றில் கிடந்தால் போதும், ஓர் அரசன் காலி.

அடுக்களையில் நடக்கும் கொலை

புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, எலுமிச்சையில் சிட்ரிக், வினிகரில் அசிட்டிக், கோலாவில் பாஸ்பாரிக். குத்துவிளக்குக்கும் செப்புக் குடத்துக்கும் இவை நல்லவையே. குடத்தில் எழுத்தும் இல்லை, வருடா வருடம் ஒரு தோல் போனாலும் குடம் குடமாகத்தான் இருக்கும்.

காசுக்கு இன்னொரு கேடும் சேர்கிறது. புளியோடு நாம் உப்புப் போடுகிறோம். உப்பில் இருக்கும் குளோரைடு, செம்பின் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கழுவித் துடைத்து வைத்த காசு அப்போதைக்கு ரோஜா நிறத்தில் மின்னும். சில வாரங்களில் அங்கங்கே வெளிர்பச்சைப் புள்ளி. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டார்டாரிக் அமிலத்தின் உப்பைக் காரக் கரைசலில் சேர்த்து, வெளிப்பச்சையை மட்டும் கரைத்துச் செங்கல் நிற அடுக்கை விட்டுவிடும் முறையைச் சென்ற நூற்றாண்டில் அருங்காட்சியகங்கள் கையாண்டன. அதே புளிச் சரக்குதான். ஆனால் அங்கே அளவு இருந்தது, நேரம் இருந்தது, கரைசலில் கிடக்கும் காசைக் கண்ணெடுக்காமல் பார்க்க ஓர் ஆள் இருந்தார்.

டூத்பேஸ்ட், விபூதி, சாம்பல், பாத்திரம் தேய்க்கும் பொடி, செங்கல் தூள் ஆகியவை இன்னொரு ரகம். இவை கரைப்பதில்லை, சுரண்டுகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் வலைபோலத் தெரியும். காசு வாங்குகிறவர் முதலில் தேடுவது இதைத்தான். காசுக்குத் தரம் குறித்து உறையிடும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள், முறையில்லாமல் தேய்த்த காசுக்கு எண் தரம் கொடுப்பதில்லை. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறிப்பெழுதித்தான் உறையிடுகின்றன. அந்தக் குறிப்போடு விலையும் இறங்கிவிடும்.

மொபைல் சார்ஜர் வித்தை எல்லாவற்றிலும் மோசம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டால் குளோரின் வாயு கிளம்பும். எதிர்ப்பக்கம் எவர்சில்வர் ஸ்பூனைக் கட்டினால் அதிலிருந்து குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் இறங்கும். காசு போவது இருக்கட்டும், அந்தத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டுகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சென்னைக்கு வராமல் போன காசுகள்

ஒரே வருடம், ஒரே அக்கசாலை, ஒரே அச்சு. ஆனாலும் இரண்டு காசுகள் எப்படி இரண்டு விதமாக ஆகும் என்பதற்கு நம்மோடு சம்பந்தப்பட்ட ஒரு கதை இருக்கிறது. சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமின் சோஹோ அக்கசாலையில் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை அடித்தது. 1808 என்று ஆண்டு பொறித்த அந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரியில் புயலில் சிக்கி, இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது.

1980களில் முக்குளித்து எடுத்தார்கள். பீப்பாயின் நடுவில் நெருக்கியடித்துக் கிடந்த காசுகள் கிட்டத்தட்ட அடித்த அன்று போலவே இருந்தன. ஓரத்தில், கடல்தண்ணீர் பட்ட காசுகள் அரித்துக் குழிகுழியாகக் கிடந்தன. இன்று உலகச் சந்தையில் இரண்டுமே விற்கின்றன. குழி விழுந்ததை எந்த மருந்தாலும் முன்போல ஆக்க முடியவில்லை. சுத்தம் செய்தால் அழுக்கு போகும்; போன உலோகம் திரும்பி வராது. இது தெரியாமல்தான் நிறையப் பேர், மருந்தை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

காசுக்கு வரும் நோய்

வெளிர்பச்சைப் புள்ளிக்கு வருவோம். நல்ல களிம்பு கடினமாக, வழுவழுப்பாக, கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். நகத்தால் கீறினாலும் வராது. அதைக் காசின் கவசம் என்றே சொல்லலாம். காசு உண்மையானதுதான் என்பதற்கு அது சாட்சியும்கூட. அதை உரித்தவர் அந்தச் சாட்சியையும் கலைத்துவிடுகிறார்.

கெட்டது வேறு மாதிரி. வெளிறிய, மாவு போன்ற பச்சை. குச்சியால் தொட்டால் உதிரும், கீழே சிறு குழி தெரியும். துடைத்து வைத்தால் சில நாளில் திரும்ப வரும். ஆங்கிலத்தில் 'பிரான்ஸ் டிசீஸ்' (வெண்கல நோய்) என்று இதை நோயாகவே சொல்கிறார்கள். கிருமி எதுவும் இல்லை. காசுக்குள் தங்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. அமிலம் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. அது மறுபடி ஈரத்தைத் தேடுகிறது. செம்பு தீரும்வரை இந்தச் சக்கரம் ஓடும். கடலோரத்தில் கிடைத்த காசுகளுக்கும், உப்புப் போட்டுத் தேய்த்த காசுகளுக்கும் இது அதிகம்.

இந்த நோயைத் தமிழ்நாடு வெகுகாலத்துக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த செப்புத் திருமேனிகள் இப்படிப் பொடியாக உதிரத் தொடங்கியதால், 1930இல் அங்கே வேதியியல் பாதுகாப்புக்கூடம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். எஸ். பரமசிவன் அதன் முதல் வேதியியலாளர். மின்வேதியியல் முறையில் அங்கே திருமேனிகளைக் காப்பாற்றினார்கள். சார்ஜர் வித்தையின் முறையான வடிவம் அது. கணக்கு தெரிந்தவர்கள் செய்தது.

நோய் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மூடி போட்ட ஒரு டப்பாவில் ஈரப்பஞ்சை வைத்து, அதில் படாமல் காசைத் தனியே வைத்து ஒரு நாள் விடுங்கள். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளியோ துளியோ முளைத்தால் நோய் உண்டு. அந்தக் காசை மற்றக் காசுகளோடு வைக்காதீர்கள். அருங்காட்சியகங்கள் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊறவைத்தும், பென்சோட்ரையசோல் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தியும் இதை அடக்குகின்றன. இரண்டாவது உடம்புக்கு ஆகாதது; வீட்டில் வைத்து விளையாட வேண்டாம். நம்மால் முடிந்தது ஒன்று உண்டு: காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து முடிந்தவரை உப்பை வெளியேற்றி, நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் பூட்டுவது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குள் இருந்தால் நோய் அடங்கிக் கிடக்கும். சென்னையிலோ நாகையிலோ தூத்துக்குடியிலோ அதற்கு வாய்ப்பே இல்லை என்பதால் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

சரி, என்னதான் செய்வது?

முதலில் எடை பாருங்கள், இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பிறகு பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்கள். பேட்டரி ஆசிட் அல்ல; கேனைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. நாம் வெளியேற்ற நினைப்பதையே ஏன் உள்ளே விடவேண்டும்?

கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும்வரை ஊற்றி விட்டுவிடுங்கள். தினம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். ஒரு வாரத்தில் மண் இளகும். குழந்தைகளின் மெல்லிய பிரஷ்ஷால் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தேய்க்காமல், தட்டித் தட்டி எடுங்கள். பாதிக் காசுகளுக்கு இதுவே போதும். இதில் எதுவும் தெரியாவிட்டால் இன்னொரு வாரம். அதிலும் தெரியாவிட்டால் இன்னும் ஒன்று. மாதக் கணக்கில் ஊறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காசுகளைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

அடுத்த ஆயுதம் முள். நாரத்தை முள், கருவேல முள், அல்லது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. செம்பைவிட மென்மையானது எதுவும் சரி. ஊசி, பிளேடு, குண்டூசி கூடாது. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு நடுவில் அடைத்த மண்ணை மட்டும் ஒரு துகள், இன்னொரு துகள் என்று எடுக்கவேண்டும். காசின் ஓரத்திலிருந்து, முக்கியமில்லாத இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். பச்சைக்குக் கீழே செங்கல் நிறம் எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். எல்லைக்கு வந்துவிட்டீர்கள்.

எண்ணெயில் ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. மேல்நாட்டில் ஆலிவ் எண்ணெய், இங்கே தேங்காய் எண்ணெய். பொருக்கு இளகும், உண்மைதான். ஆனால் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களும் மெல்லச் செம்பைத் தின்னும், பச்சையாகச் சோப்புப் பிடிக்கும், பிறகு உப்பை வெளியேற்றவும் விடாது. எண்ணெய்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் அதைவிட மேல். என்னைக் கேட்டால் தண்ணீரே போதும்.

வேலை முடிந்ததும் ஈரம் துளியும் இருக்கக்கூடாது. பருத்தித் துணியில் ஒற்றி, நிழலில் காயவிட்டு, பிறகு டேபிள் விளக்கின் இளஞ்சூட்டில் சில மணி நேரம்.

வெள்ளிக்கு வேறு நியாயம். விக்டோரியா ரூபாயில் படிந்த கறுப்பு வெள்ளி சல்ஃபைடு. களிம்பைப் போல அரிப்பதில்லை. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வெள்ளியாகவே மாறிவிடும், தேய்க்கத் தேவையில்லை. வீட்டு வெள்ளிச்சாமானுக்கு அருமையான முறை. காசுக்கு? சேகரிப்பவர்கள் அந்த நீலங்கலந்த கறுப்புக்கென்றே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். 1835 முதல் 1939 வரை அடித்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, 11.66 கிராம் எடை. 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதனால் அதற்குப் பிறகு அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் கறுப்போடு பச்சையும் சேர்ந்து வரும். இரண்டையும் விட்டுவிடுங்கள். வருடா வருடம் பூஜையில் வைத்துக் கழுவும் காசென்றால் அது குடும்பத்தின் நம்பிக்கை. அதற்கு இந்த விதிகள் கிடையாது.

அலுமினியப் பைசாக்களைச் சோடாவிலும் போடாதீர்கள், புளியிலும் போடாதீர்கள்; இரண்டுமே அதைக் கறுக்கவோ அரிக்கவோ செய்யும். ஈயக் காசுகள் நம்மிடம் நிறைய உண்டு. சாதவாகனர் அடித்தார்கள், 17ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்தார்கள். ஈயத்துக்கு வினிகர் எமன். மரப் பீரோவின் ஆவிகூட அதை வெள்ளைப் பொடியாக்கிவிடும். அந்தப் பொடி நஞ்சு. கையுறை போடுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

சுத்தம் செய்வதைவிடச் சரியாக வைப்பது முக்கியம். ஆல்பம் என்ற பெயரில் கடையில் விற்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் சில வருடங்களில் பிசுபிசுத்து, காசின்மேல் பச்சைக் கூழாகப் படியும். அதைக் களிம்பு என்று நினைத்து எலுமிச்சையை எடுக்கிறவர்கள் உண்டு. அது பிளாஸ்டிக் கழிவு. சுத்தமான அசிட்டோனில் கரைந்துவிடும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யவேண்டும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

பளபளப்பாக்கினால் லட்சத்துக்கு விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், பழைய காசு, நோட்டுகளை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட எச்சரிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் உங்கள் வீட்டில் வழிவழியாக வந்த காசுக்கும், விலை கொடுத்து வாங்கிய காசுக்கும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததென்றால் கதை வேறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் நிலத்தில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும்; மறைத்தால் சிறைத் தண்டனை உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தால் மேலே கொண்டுபோவார்கள். அப்படிக் கொடுக்கும்போது கழுவாதீர்கள். எந்த ஆழத்தில், எந்த இடத்தில், எவற்றோடு கிடைத்தது என்று குறித்து, மண் ஒட்டியபடியே கொடுங்கள்.